மாஃபோவின் வாய்நாற்றம்

அத்தியாயம் 6

"கையை உள்ள விடு," என்றான் அச்சிரி.

"நீ விடு."

"துப்பறியறவ நீ. நான் உதவியாள். உதவியாளுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கற வேலை மட்டுந்தான்."

மங்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் அந்த நாற்றம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று இருந்தது. மூக்கிலும் தொண்டையிலும் பின்னிய சடையிலும் அது ஏற்கெனவே குடியேறியாயிற்று.

பாஃபெங் அரண்மனை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் மாஃபோ உட்கார்ந்திருந்தாள். இந்த ராஜ்யத்தை உண்டாக்கிய முதல் அரசித்தாய். இடுப்பளவு உயரத்தில் மரச்சிலை, உடம்பெல்லாம் பாசிமணியும் சோழியும், எந்நேரமும் திறந்தே இருக்கும் வாய். அந்த வாயோரத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ வழிந்து, தாடையில் பொருக்குத் தட்டியிருந்தது. ஈக்கள் வரிசை கட்டி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன.

"சட்டுன்னு ஆகட்டும் பிள்ளைங்களா," என்றது சுவரில் தொங்கிய யானை முகமூடி. "எனக்கு இவ்வளவு நீள மூக்கு. பொத்திக்கக் கை இல்ல."

"எனக்குத் தோல் முழுக்க ஊறிடுச்சு," என்றது மூலையில் இருந்த பெரிய முரசு. "இனிமே என்னை அடிச்சா சத்தம் வராது. நாத்தந்தான் வரும்."

இந்தக் கூடத்தில் எதுவும் சும்மா கிடக்காது. தின்னும், குறட்டை விடும், ஊர்வம்பு பேசும். அதெல்லாம் இரட்டைப் பிள்ளைகள் காதுக்கு மட்டுந்தான் கேட்கும். மங்காவும் அச்சிரியும் இரட்டைகள். அவர்களைப் பெற்றவள் என்பதால் ஊர் அவர்கள் அம்மாவை மான்யி என்று அழைத்தது. இரட்டைகளின் தாய் என்று அர்த்தம். மாஃபோவுக்குத் தினமும் ஊட்டும் உரிமையும் அதனால்தான் அவளுக்கு வந்தது. இருவரும் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து அந்தக் கூடத்தின் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. நேற்று சாயங்காலம் அம்மா சொல்லி அனுப்பியதும் ஓடி வந்தார்கள்.

மாஃபோவுக்கு அழுகிய சோறு ஊட்டி மான்யி அவளை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று மன்னரே சபையில் சொல்லிவிட்டார். இன்று உச்சிவெயிலில் சபை கூடும். மான்யி என்பதற்கு அடையாளமான தோள்பையைப் பிடுங்கி, தலையை மழித்து, ராஜ்ய எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்துவார்கள். துரத்தப்பட்டவள் திரும்பி வந்ததாக இந்த ஊரில் கதைகூடக் கிடையாது.

மங்கா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு சிலையின் வாய்க்குள் கையை விட்டாள்.

வழவழவென்று இருந்தது. அதற்குக் கீழே மெத்தென்று, முடி முளைத்த மாதிரி. இன்னும் கீழே வெதுவெதுப்பாக, விரலுக்கிடையில் பிதுங்கியது. அதற்குள் ஏதோ நெளிந்தது.

"என்ன இருக்கு?" என்றான் அச்சிரி.

"பேசாத."

"சரி. ஒண்ணு மட்டும். அந்தக் கையால இனி என்னைத் தொடாத. என் கல்யாணத்தன்னிக்குக்கூட."

ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்து, தரையில் விரித்த வாழையிலையில் போட்டாள். குனிந்து பார்த்தாள். மேலே நேற்றைய சேப்பங்கிழங்குக் களி, மஞ்சள் குழம்போடு. அதன் கீழே சாம்பல் பூத்தது. அதற்கும் கீழே கறுத்து, புழு வைத்தது.

"அச்சிரி, இதுல மாமிசம் இருக்கா?"

"இப்பதான் சேந்திருக்கு. நெளியுது பாரு."

"அம்மா போட்டதுல கேக்கறேன். கெட்டுப்போன கறி, நாய்க்கறி, அது இதுன்னு மன்னர் சொன்னாரே. அப்படி எதுவும் இல்ல. வெறும் களி, குழம்பு. மேல இருக்கறது நல்லாத்தான் இருக்கு. அடியில போகப் போகத்தான் அழுகல். அம்மா தினமும் நல்ல சோறுதான் ஊட்டியிருக்கா. அது உள்ளேயே தங்கி அழுகியிருக்கு."

"மாஃபோவுக்கு அஜீரணமா?"

"மாஃபோ என்னிக்காவது மிச்சம் வெச்சு நீ பாத்திருக்கியா? அம்மா அந்தப் பக்கம் திரும்பினதும் வாயை நக்கி முடிச்சிருப்பாங்க."

அச்சிரி மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது. நெருங்கி வந்து சிலையின் காதில் சொன்னான். "பாட்டி. நான் அச்சிரி. சின்ன வயசுல உன் மடியில ஒண்ணுக்குப் போனவன்."

மாஃபோ அதற்கு ஒருமுறைகூடத் திட்டாமல் விட்டதில்லை. இப்போது ஈ சத்தம் மட்டும் கேட்டது.

"இது அவங்க இல்ல," என்றாள் மங்கா. "வெறும் கட்டை. வயித்துல பொந்து வெச்ச கட்டை. அம்மா இந்தக் கட்டைக்கு ஊட்டியிருக்கா. அவளுக்குத்தான் இவங்க பேசறது கேக்காதே, எப்படித் தெரியும்?" அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். "நீங்க எல்லாரும் இங்கதானே இருந்தீங்க? அசல் மாஃபோவை எடுத்துட்டுப் போனது யாரு?"

யானை முகமூடி கூரையைப் பார்த்தது. முரசு இருமக்கூட இல்லை. அலமாரியில் இருந்த எருமைக்கொம்புக் குவளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"பக்கத்து ஊர்ல எவன் எவளோட ஓடினான்னு கேட்டா ராவெல்லாம் சொல்லுவீங்களே," என்றான் அச்சிரி. "இப்ப என்ன, பல்லுவலியா?"

"நாத்தத்தைப் பத்திக் கேளு, சொல்றோம்," என்றது முரசு மெதுவாக. அதற்குமேல் பேசவில்லை.

மங்கா அதை மனதில் வைத்துக்கொண்டாள். வாழையிலையை அப்படியே மடித்து ஒரு மூலையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அரண்மனை மதிலோரத்தில் மான்யி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் கையைப் பார்த்ததும் எழுந்து சாம்பலும் எலுமிச்சையும் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள்.

"நான் கெட்டதை ஊட்டலடி," என்றாள்.

"தெரியும்மா. சாப்பிட ஆள் இல்லாத வாயில ஊட்டியிருக்க. மாஃபோவை மாத்திட்டாங்க."

மான்யியின் கை நின்றது. மங்கா எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவில்லை. "அப்ப அவ எங்க இருந்தாலும் பட்டினியா கெடப்பாளே," என்றாள்.

மங்கா அம்மாவையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

"பட்டினியா கெடப்பான்னேன். அது பாவண்டி. எவனாச்சும் விடுவானா?"

"விடமாட்டான்," என்றாள் மங்கா. "அதான் விஷயம். அச்சிரி, வா."

"எங்க?"

"சாப்பாட்டுக் கடைக்கு."

"இந்தக் கையோடயா?"

நடந்துகொண்டே மங்கா சொன்னாள். "எடுத்தவன் வெளியூர்க்காரனா இருந்தா, நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்தப் பொய்ச் சிலையில சோழி ஒவ்வொண்ணும் எடம் மாறாம இருக்கு. கிட்டயே இருந்து பாத்தவன்தான் செய்யச் சொல்லியிருக்கான். நம்ம ஊர்க்காரன். நம்ம ஊர்க்காரன் மாஃபோவைத் திருடுவான். பட்டினி போடமாட்டான். போட்டா தூக்கம் வராது அவனுக்கு."

"வீட்லயே களி இடிச்சுப் போடலாமே."

"கிழங்கு இடிச்சா தெரு முழுக்கக் கேக்கும். விருந்தாளி யாருன்னு பக்கத்து வீட்ல வந்து நிப்பாங்க. வாங்கித்தான் ஆகணும். மாஃபோ சாப்பாட்டுல உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது. அப்படி ஒரு தட்டை யாரு வாங்கறான்னு கேட்டா போதும்."

சந்தை முனையில் மா ஸ்வீரியின் கடை. அந்த வட்டாரத்தில் களி விற்பவள் அவள் ஒருத்திதான். பானையைக் கிளறிக்கொண்டிருந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"எந்தச் சாக்கடையில விழுந்தீங்க ரெண்டு பேரும்?"

"இவதான் விழுந்தா. நான் பாத்துட்டிருந்தேன்," என்றான் அச்சிரி. "மா, உப்பில்லாம, மிளகாயில்லாம ஒரு தட்டு குடு."

கரண்டி பானை விளிம்பில் டங்கென்று விழுந்தது. "உனக்குமா? அந்த மனுஷன் ஊரெல்லாம் வியாதியைப் பரப்பிட்டாரா? உப்பில்லாம, மிளகாயில்லாம, கறியில்லாம. என் குழம்புல அப்படி என்ன குறை கண்டார்? ரெண்டு வாரமா காலங்காத்தால குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கறார். மழையும் இல்ல, வெயிலும் இல்ல. மூஞ்சியை மறைக்கக் குடை."

"யாரு மா?"

"அந்தக் குடையை எனக்குத் தெரியாதா? பா முசோரோ."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பா முசோரோ அருங்காட்சியகத்துச் சாவிக்காரர். தலையில் சிவப்பு இறகு செருகும் தகுதி பெற்ற பெரிய மனிதர். நேற்று சபையில் மான்யிக்கு எதிராக எல்லோரும் பேசியபோது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். அதைப் பார்த்து, அவர் ஒருவருக்காவது இரக்கம் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். மங்கா ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

முசோரோ வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் விரலளவு திறந்தது.

"என்ன வேணும்?"

"பா, நீங்க ஏப்பம் விட்டீங்களா?" என்று கேட்டான் அச்சிரி.

"நானா? இல்லையே."

"வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை ஏப்பம் விடறா. உங்க சம்சாரம் சந்தையில பூசணிவிதை வித்துட்டிருக்காங்க. பாத்துட்டுத்தான் வரோம். நாங்க போய் அவங்ககிட்டயே யாருன்னு கேட்டுக்கட்டுமா?"

முசோரோவின் முகம் வெளிறிப்போனது. கதவு முழுசாகத் திறந்தது.

உள்ளறைக் கட்டிலில், கழுத்துவரை கம்பளி போர்த்தி மாஃபோ உட்கார்ந்திருந்தாள். முன்னால் துடைத்து வைத்த மாதிரி காலித் தட்டு.

"வந்தீங்களா மூதேவிங்களா," என்றாள் மாஃபோ. "உங்கம்மா கைக்களி பஞ்சு மாதிரி இருக்கும். இந்தக் கடைக்காரி இடிக்கறாளா, மிதிக்கறாளா? ஒரே கட்டி."

முசோரோவுக்கு அது கேட்கவில்லை. அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "நான் விக்கல. நான் திருடவும் இல்ல. கேட்டுக்க பிள்ளே. எடுத்துட்டு வந்து உன் வீட்ல பத்திரமா வெச்சிருன்னு உத்தரவு. அந்தக் கட்டையை வெச்சதும் உத்தரவுதான். இன்னிக்கு வாங்கறவன் ஜீப் வருது. ஏத்தி விட்டுட்டா முடிஞ்சது."

"யார் உத்தரவு?"

அவர் பேசவில்லை. அதே மௌனத்தை மங்கா காலையில் கேட்டிருந்தாள். யானை முகமூடியின் மௌனம், முரசின் மௌனம். அந்தக் கூடத்து வாய்களை மூட இந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

"மன்னர்," என்றாள்.

முசோரோ மறுக்கவில்லை.

"அப்புறம் அந்தக் கட்டை நாற ஆரம்பிச்சிடுச்சு," என்றாள் மங்கா. "யாராச்சும் காரணம் தேடினா மாட்டிக்கணும். அதனால எங்கம்மா."

"எனக்கு மனசு கேக்கல பிள்ளே. அதான் தினமும் போய் வாங்கிட்டு வந்து ஊட்டினேன். பட்டினி போட மனசு வரல."

"எங்கம்மா பையைப் பிடுங்க மட்டும் மனசு வந்துடுச்சா?"

முசோரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் சபையில வாய் திறந்தா, முசோரோதான் திருடினான்னு ஒரு வார்த்தை. என் கதை முடிஞ்சது. இவளைத் தூக்கிட்டுப்போய் வெச்சாலும் அதேதான். உங்கம்மா எனக்குக் கூட்டுன்னு சொல்லுவார். மன்னர் வாய்ல இருந்து வந்தா அதுதான் உண்மை. உனக்குத் தெரியாதா?"

தெரியும். மன்னர் சொன்னதை மன்னர் ஒருவர்தான் மாற்ற முடியும்.

"சின்னப் பயல் அந்த மன்னன்," என்றாள் மாஃபோ கட்டிலிலிருந்து. "அவன் அப்பன் ஆண்டப்ப நான் தட்டுல மிச்சம் வெச்சா தரையில உக்காந்து வழிச்சுத் தின்னான். அரியணையில உக்காந்தவன் என் மிச்சத்தைத் தின்னணும். ஒரு பருக்கை விடக்கூடாது. அதான் முறை. இவன் நாய்க்குப் போடறான். அதனால நான் மிச்சமே வெக்கறதில்ல."

மங்கா மெதுவாகத் திரும்பி அச்சிரியைப் பார்த்தாள்.

"உன் மூஞ்சி போற போக்கு எனக்குப் பிடிக்கல," என்றான் அவன். "யாரோ எதையோ திங்கப் போறாங்க."

"பா," என்றாள் மங்கா முசோரோவிடம். "நீங்க மன்னருக்கு எதிரா ஒரு வார்த்தை பேச வேண்டாம். உங்களுக்கு வந்த உத்தரவு என்ன?"

"பத்திரமா வெச்சிருன்னு."

"அது போதும்."

உச்சிவெயிலில் முற்றம் கொதித்தது. பொய்ச் சிலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். வெயில் பட்டதும் அது இன்னும் மோசமாகி, பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றி மூக்கில் வைத்துக்கொண்டார்கள். மன்னர் சிறுத்தைத்தோல் போட்ட ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வாசலில் வெள்ளை ஜீப் ஒன்று நின்றது. மான்யி மண்ணில் மண்டியிட்டிருந்தாள். பை அவள் முன்னால் கிடந்தது. சவரக்கத்தியோடு ஒருவன் தயாராக நின்றான்.

மங்கா முன்னே போய், முறைப்படி கை தட்டிக் குனிந்து, வாயின்மேல் கையைக் குவித்துக்கொண்டாள். மன்னரிடம் பேசுகிறவர் மூச்சு அவர்மேல் படக்கூடாது. எத்தனை எலுமிச்சை தேய்த்தும் அந்தக் கை நாறியது. அந்த நாற்றத்துக்குள்ளிருந்துதான் பேச வேண்டியிருந்தது.

"ம்பே," என்றாள். மன்னரை அப்படித்தான் அழைப்பார்கள். "எங்கம்மா தப்பு பண்ணியிருந்தா துரத்துங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இது மாஃபோதானே?"

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியுது ம்பே. எங்கம்மா யாருக்கு ஊட்டினான்னு உங்க வாயால சொன்னா சபைக்குத் தெளிவா இருக்கும்."

"இது மாஃபோ," என்றார் மன்னர். "இதைக் கேக்கவா வந்த?"

"இல்ல ம்பே. மாஃபோ மிச்சம் வெச்சிருக்காங்க. அதைச் சொல்ல வந்தேன்."

அச்சிரி மரக்கிண்ணத்தோடு சிலையிடம் போனான். அகப்பையை வாய்க்குள் விட்டு, அடிவரை துழாவி, வழித்து வழித்துக் கிண்ணத்தில் போட்டான். ஒவ்வொரு முறையும் சளக் என்று ஒரு சத்தம். முன்வரிசையில் ஒருவர் எழுந்து மதிலோரம் ஓடினார்.

அச்சிரி கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி மன்னர் முன் வைத்தான். "உங்க பங்கு, ம்பே. கொஞ்சம் பழசு. மேலாப்புல இருக்கறதை ஒதுக்கிட்டா சூடா இருக்கு."

சபையின் மூத்தவர் தொப்பிக்குப் பின்னாலிருந்து சொன்னார். "பிள்ளைங்க சொல்றது முறைதான் ம்பே. மாஃபோ மிச்சம் உங்களுக்குத்தான். அவ மிச்சம் அழுகியிருந்தாலும் அவ மிச்சந்தான்."

மன்னர் கிண்ணத்தைப் பார்த்தார். கறுத்த குழம்பின்மேல் ஒரு புழு நிமிர்ந்து, அவரைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டியது. அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் நுனி தொட்டது. எடுத்தபோது ஒரு நூல் கூடவே எழும்பி வந்தது. முற்றம் முழுக்க அந்த விரலையே பார்த்தது. விரல் பாதி தூரம் வந்தது. உதடு வரை வந்தது.

அவர் கிண்ணத்தை எட்டி உதைத்தார்.

"இதைத் திங்க நான் என்ன பன்றியா? இது வெறும் கட்டை. கட்டை வயித்துல கெடக்கற சாக்கடை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது.

"வெறும் கட்டைங்கறீங்களா, ம்பே?" என்றார் மூத்தவர்.

"கட்டை சாப்பிடாது," என்றாள் மங்கா. "சாப்பிடாததுக்கு ஊட்டினா உள்ளேயே அழுகும். எங்கம்மா ஊட்டினது நல்ல சோறுதான்."

அந்தச் சமயத்தில் வாசலில் ஒரு பைக் டாக்சி வந்து நின்றது. பின்னால் பா முசோரோ. மடியில் கம்பளிக்குள் பெரிய பொட்டலம். இறங்கி வந்து, மண்டியிட்டு, மன்னர் காலடியில் கம்பளியைப் பிரித்தார். வெயிலில் பாசிமணி மின்னியது. அழுக்கு இல்லை, ஈ இல்லை.

"ம்பே," என்றார், வாயில் கை குவித்து. "பத்திரமா வெச்சிருன்னு சொன்னீங்க. இதுக்குமேல பத்திரமா வெக்க எனக்கு வேற இடம் தெரியல. கொண்டாந்துட்டேன்."

மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லாத பேச்சு. சபை முழுக்கப் புரிந்துகொண்டது. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசலில் நின்ற ஜீப் உறுமி, திரும்பி, புழுதியோடு போயே போய்விட்டது.

மன்னர் தொண்டையைச் செருமினார். "ஆமா. பத்திரத்துக்காகத்தான். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். மான்யிமேல குத்தம் ஏதுமில்ல. பையை எடுத்துக்கட்டும்."

அவ்வளவுதான். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். சற்றுமுன் அம்மாவின் தலையை மழிக்கத் தயாராக இருந்த அதே கைகள் இப்போது மன்னருக்குத் தட்டின. மங்காவுக்குக் கிண்ணத்தில் நெளிந்ததே பரவாயில்லை என்று பட்டது.

மான்யி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே மாஃபோவிடம் போய், தன் மேல்துணி நுனியால் அவள் வாயைத் துடைத்தாள். "கடைச்சோறா போட்டாங்க?" என்றாள். "வா. கிழங்கு வேகப் போடறேன்."

"எப்பவோ சொல்லியிருக்கக்கூடாதா," என்றாள் மாஃபோ. அது இரட்டைகளுக்கு மட்டும் கேட்டது.

மன்னர் கொம்புக் குவளையை வாங்கி வாய் நிறையக் கள் எடுத்துக்கொண்டார். விஷயத்தை மங்களமாக முடிக்க வேண்டும். இரட்டைகளைக் கிட்டே வரும்படி கையசைத்தார். இருவரும் போய் நின்றார்கள். அவர் கன்னத்தை உப்பி, இருவர் முகத்திலும் புஸ்ஸென்று உமிழ்ந்தார். மன்னர் வாயால் தெளிக்கும் கள் பெரிய ஆசீர்வாதம். தானாகக் காயும்வரை விட வேண்டும். பிள்ளைகள் அதற்காகத் தள்ளுமுள்ளு செய்வார்கள்.

முற்றத்தில் சந்தோஷமாகக் கை தட்டினார்கள்.

மங்கா நின்ற இடத்திலேயே நின்றாள். புளித்த கள் புருவத்திலிருந்து மூக்கோரமாக வழிந்து உதட்டுக்கு வந்தது. அச்சிரி பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் சட்டையின் கீழ்முனையை உயர்த்தி, நெற்றி, கண், கன்னம், வாய் என்று ஒன்று விடாமல், எல்லோரும் பார்க்க, அழுத்தித் துடைத்தாள்.

கைதட்டல் நின்றது.

"எனக்கும் அந்தச் சட்டை முனையைக் குடு," என்றான் அச்சிரி.